கிணற்றில் கலந்த விஷம்

வணக்கம் ஐயா,

எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் சித்தப்பா அடிக்கடி அனுப்புகிறார்: உலகத்துப் பணமெல்லாம் யூதர்கள் கையில், கொரோனாவைப் பரப்பியதும் அவர்கள்தான் என்று. வாழ்நாளில் ஒரு யூதரைக்கூட அவர் பார்த்ததில்லை. ஆதாரம் காட்டினாலும் மாறவில்லை. இது என்ன மனநிலை? என்ன செய்வது?

கார்த்திகா

அன்புள்ள கார்த்திகா,

சித்தப்பாவின் செய்தி மிகப் பழையது. 1348-ல் ஐரோப்பாவில் கொள்ளைநோய் பரவியபோது, யூதர்கள் கிணறுகளில் விஷம் கலந்ததாக வதந்தி கிளம்பியது. சித்திரவதை செய்து வாங்கிய வாக்குமூலங்கள் ஊர் ஊராகப் போயின. போப் ஆறாம் கிளமென்ட் அதே ஆண்டு மறுத்தார்: யூதர்களும்தானே சாகிறார்கள், யூதர்களே இல்லாத இடங்களிலும் நோய் இருக்கிறதே என்று. எவ்வளவு எளிய கேள்வி! எடுபடவில்லை. 1349 பிப்ரவரி 14 அன்று ஸ்ட்ராஸ்பர்க்கில் நூற்றுக்கணக்கான யூதர்களை எரித்துக் கொன்றார்கள். நோய் அதுவரை அந்த ஊருக்கு வரவே இல்லை. அவர்களைக் காப்பாற்றப் பார்த்த நகர மன்றத்தைச் சில நாள் முன்புதான் கவிழ்த்திருந்தார்கள். யூதர்களிடம் வாங்கிய கடனெல்லாம் ரத்தானது, கையிருப்பைப் பங்குபோட்டுக்கொண்டார்கள்.

பயமும் கடனும் சேர்ந்த இடம் அது. கண்ணுக்குத் தெரியாத நோயை அடிக்க முடியாது, பக்கத்துத் தெருக்காரனை அடிக்கலாம். பெரும்பாலான தொழில்களில் சேரவிடாமல் வட்டித் தொழில் பக்கம் தள்ளிவிட்டு, அப்புறம் வட்டிக்காரன் என்று வெறுத்தார்கள். இந்தப் பொய் ஒரு பயத்தைத் தணிக்கிறது. ஆதாரத்தால் பொய்யை எடுத்துவிடலாம், பயம் அப்படியே கிடக்கும். அதனால்தான் சித்தப்பா திரும்பத் திரும்ப அதையே அனுப்புகிறார்.

சரி, என்ன செய்வது? 1993 டிசம்பரில் அமெரிக்காவின் பில்லிங்ஸ் நகரில் ஒரு யூதச் சிறுவனின் அறை ஜன்னலை உடைத்துக்கொண்டு கல் விழுந்தது. ஹனுக்கா பண்டிகைக்காக அந்த ஜன்னலில் விளக்குப் படம் வைத்திருந்தார்கள். உள்ளூர் நாளிதழ் அதே விளக்கை முழுப்பக்கத்துக்கு அச்சிட்டது. யூதர் அல்லாத ஆயிரக்கணக்கான குடும்பங்கள் அதை வெட்டித் தங்கள் ஜன்னலில் ஒட்டின. அதற்கும் கல் விழுந்தது. விளக்குகள் இன்னும் கூடின.

இஸ்ரேல் அரசின் செயல்களைக் கண்டு சித்தப்பா கொதித்தால் அதைத் தாராளமாகப் பேசட்டும். ஓர் இனத்தையே சதிகாரர்கள் என்றால் மட்டும் குழுவில் ஒரே வரி எழுதுங்கள்: ‘சித்தப்பா, இது பொய்.’ அவருக்காக இல்லாவிட்டாலும், அங்கே படித்துக்கொண்டிருக்கும் பிள்ளைகளுக்காக. அப்புறம் ஒருநாள் நேரில் போங்கள். போப் சொன்னதை உடனே எடுக்க வேண்டாம். கொரோனா காலத்தில் அவர் எதை இழந்தார் என்று முதலில் கேளுங்கள்.