பெண்ணுக்கு எதற்கு ஆண் ஹார்மோன் டெஸ்ட்?

கேள்வி: என் மகளுக்கு 22 வயது. மாதவிலக்கு தள்ளித் தள்ளி வருகிறது, தாடையில் முடி வேறு. டாக்டர் டெஸ்டோஸ்டிரோன் பார்க்கச் சொல்கிறார். பெண்ணுக்கு எதற்கு இது?
– தோட்டத்து வாசகி, சுங்கை சிப்புட்

பதில்: பெண்ணின் சினைப்பையும் சிறுநீரகத்தின் மேலுள்ள அட்ரினல் சுரப்பியும்கூட அதைச் சுரக்கின்றன அம்மா; அளவுதான் குறைவு. அது கூடினால் இப்படி மாதவிலக்கு தள்ளலாம், தாடையில் முடி வரலாம்; அதனால்தான் இந்த டெஸ்ட். மாதவிலக்கு வந்த 2 முதல் 5-ஆம் நாளுக்குள், காலை 10 மணிக்கு முன் ரத்தம் கொடுப்பது நல்லது.

முடி வளர வைட்டமின் சாப்பிடுகிறாளா? அதிலுள்ள பயோட்டின் சில லேப் கருவிகளை ஏமாற்றி, டெஸ்டோஸ்டிரோனைக் கூட்டிக் காட்டிவிடும். டாக்டரிடம் சொல்லிவிட்டு 3 நாள் முன்பே நிறுத்துங்கள். கருத்தடை மாத்திரையோ அளவைக் குறைத்துக் காட்டும், அதையும் மறைக்காதீர்கள்.

மொத்த அளவு 'நார்மல்' என்று வந்தாலே நிம்மதியாகிவிட வேண்டாம். உடல் பருமனும் இன்சுலின் எதிர்ப்பும் இருந்தால் டெஸ்டோஸ்டிரோனைப் பிடித்து வைக்கும் எஸ்எச்பிஜி என்ற புரதம் குறையும். அதனோடு ஒட்டாமல் தனியாகத் திரியும் டெஸ்டோஸ்டிரோன் ரத்தத்தில் கூடும். ஆகவே எஸ்எச்பிஜியும் சேர்த்துப் பார்ப்பதே உருப்படியான டெஸ்ட்.

லேசாகக் கூடியிருந்தால் பெரும்பாலும் பிசிஓஎஸ் எனும் சினைப்பை நீர்க்கட்டிப் பிரச்சினைதான்; சர்க்கரையும் பாருங்கள். டெஸ்டோஸ்டிரோன் லிட்டருக்கு 5 நானோமோலுக்கு மேல் போனாலோ, குரல் திடீரென்று தடித்தாலோ சினைப்பையிலோ அட்ரினலிலோ ஹார்மோன் சுரக்கும் கட்டி இருக்கிறதா என்று ஸ்கேன் எடுப்பார்கள். அதைத் தள்ளிப்போடாதீர்கள்.