போர்ட் மூட ரூ.3,500: கொடுக்கலாமா?

கே: புதுக் கணினிக்கு 'நெட்வொர்க் செக்யூரிட்டி பேக்கேஜ்' போட ரூ.3,500 கேட்கிறார் கடைக்காரர். திறந்திருக்கும் போர்ட்டுகளை எல்லாம் மூடித் தருவாராம். போடலாமா? (வாசகர், சேலம்)

ப: வேண்டாம். காசில்லாமல் நீங்களே செய்துகொள்ளலாம். இந்த வியாபாரத்தின் மீது எனக்கு நெடுநாள் கோபம் உண்டு, பொறுத்துக்கொள்ளுங்கள்.

போர்ட் என்பது கணினிக்குள் நெட் தகவல் வந்துபோகும் எண் போட்ட வாசல். அது தானாகத் திறப்பதில்லை. பின்னால் ஏதாவது ஒரு சர்வீஸ் (கண்ணுக்குத் தெரியாமல் ஓடும் நிரல்) ஓடிக்கொண்டிருந்தால்தான் அது திறந்திருக்கும். சர்வீஸை நிறுத்தினால் போர்ட்டுக்கு வேலை இல்லை. 2017 மே மாதம் பிரிட்டன் மருத்துவமனைகளைக்கூட முடக்கிய வான்னாக்ரை என்ற, கோப்புகளைப் பூட்டிப் பணம் கேட்கும் தீநிரல், 445ஆம் போர்ட் வழியாகத்தான் பரவியது. அங்கே ஓடியது எஸ்எம்பி 1 என்ற பழைய கோப்புப் பகிர்வு முறை. அதில் இருந்த ஓட்டைக்கான திருத்தத்தை மைக்ரோசாஃப்ட் மார்ச்சிலேயே வெளியிட்டிருந்தது, போட்டவர்கள் தப்பித்தார்கள். வீட்டில் ஒற்றைக் கணினி வைத்திருப்பவருக்கு அந்தப் பகிர்வே எதற்கு?

கன்ட்ரோல் பேனலில் விண்டோஸ் ஃபீச்சர்ஸ் பட்டியலைத் திறந்து, எஸ்எம்பி 1.0க்கு டிக் இருந்தால் எடுத்துவிடுங்கள். புது விண்டோஸில் பெரும்பாலும் இருக்காது. வைஃபை அமைப்பில் 'பப்ளிக் நெட்வொர்க்' என்று வைத்தால் அதே வைஃபையில் உள்ள மற்றவர்களின் கண்ணில் உங்கள் கணினி படாது. தூரத்திலிருந்து உங்கள் கணினியை இயக்க உதவும் ரிமோட் டெஸ்க்டாப், ரிமோட் அசிஸ்டன்ஸ் இரண்டும் ஆஃப். பிரிண்டரே இல்லாத வீடென்றால் பிரிண்ட் வேலைகளை வரிசைப்படுத்தும் பிரிண்ட் ஸ்பூலர் சர்வீஸையும் நிறுத்தலாம். 2021இல் அதிலும் பெரிய ஓட்டை கண்டுபிடித்தார்கள். ஆனால் பிடிஎஃப்பாகப் பிரிண்ட் கொடுப்பதும் அதோடு நின்றுபோகும். பெயர் புரியாத சர்வீஸ்களைக் கண்டபடி நிறுத்தாதீர்கள். விண்டோஸின் பாகங்கள் ஒன்றோடொன்று பேச உதவும் ஆர்பிசியில் கை வைத்தால் கணினியே படுத்துவிடும்.

தேவையில்லாத இணைப்புகளைத் தடுக்கும் ஃபயர்வால் விண்டோஸிலேயே இருக்கிறது. அட்டைப்பெட்டியில் வந்த ஃபயர்வால் சிடியை ஒருகாலத்தில் நானும் காசு கொடுத்து வாங்கினேன். 2004இல் விண்டோஸ் எக்ஸ்பிக்கு வந்த சர்வீஸ் பேக் 2, அதே வேலையை இலவசமாகச் செய்தது.

கே: இரண்டு ஆன்டிவைரஸ் போட்டால் இரட்டைப் பாதுகாப்புதானே? (வாசகர், ஓசூர்)

ப: இல்லை. இரண்டும் ஒன்றோடொன்று மல்லுக்கு நிற்கும், கணினி நகராது.

கே: விண்டோஸ் 7 நன்றாக ஓடுகிறது. நெட்டுக்கும் அதையே வைத்துக்கொள்ளலாமா? (வாசகி, காரைக்குடி)

ப: நெட் கேபிளைப் பிடுங்கிவிட்டு ஓட்டுங்கள். 2020 ஜனவரி 14உடன் அதற்கு மைக்ரோசாஃப்ட்டின் ஆதரவு (ஓட்டைகளை அடைக்கும் திருத்தங்கள்) முடிந்துவிட்டது.

கே: மலிவாகக் கிடைத்ததே என்று டிவிஆரும் (கேமரா படங்களைப் பதிவு செய்யும் பெட்டி) நான்கு கேமராவும் வாங்கினேன். மொபைலில் பார்ப்பதற்காக டெக்னீஷியன் ரவுட்டரில் போர்ட் ஃபார்வர்டிங் (வெளியிலிருந்து டிவிஆருக்கு நேரே வழி விடுவது) செய்தார். பாஸ்வேர்டு 12345. இப்போது ஒரு கேமரா தானாகத் திரும்புகிறது. கம்பெனி மீது வழக்குப் போடலாமா? (வாசகர், ஈரோடு)

ப: பாஸ்வேர்டை மாற்றிவிட்டுக் கடிதம் எழுதியிருக்கலாம். 2016இல் மிராய் என்ற தீநிரல் படை திரட்டியது உங்களைப் போன்றவர்கள் வீட்டு டிவிஆர்களையும் கேமராக்களையும் வைத்துத்தான். கம்பெனி போட்ட பாஸ்வேர்டை மாற்றாமல் விட்டதே அதற்குப் போதுமாக இருந்தது. அந்த அக்டோபரில், இணையதளப் பெயர்களுக்கு முகவரி தேடித் தரும் டைன் (Dyn) நிறுவனத்தைத் தாக்கி ட்விட்டரையும் நெட்ஃப்ளிக்ஸையும் பலருக்குக் கிடைக்காமல் செய்தார்கள். டிவிஆரை ஃபேக்டரி ரீசெட் செய்து நீளமான பாஸ்வேர்டு வையுங்கள். ரவுட்டரில் ஃபார்வர்டிங், யுபிஎன்பி (கருவிகள் தாங்களாகவே போர்ட் திறந்துகொள்ளும் வசதி), ரிமோட் மேனேஜ்மென்ட் (வெளியிலிருந்து ரவுட்டரை மாற்றும் வசதி) மூன்றையும் அணையுங்கள். பாஸ்வேர்டை மாற்றச் சொல்லிக் கையேட்டில் இருந்தால் உங்கள் வழக்கு நிற்பது கடினம். டெக்னீஷியனைக் கூப்பிட்டுக் கேளுங்கள். அவர் செய்தது அரைகுறை வேலை.

கே: "உங்கள் கணினியில் வைரஸ்" என்று போன் செய்து, தூரத்திலிருந்தே கணினியை இயக்கும் ஒரு ரிமோட் ஆப்பைப் போடச் சொல்லி, ஓய்வுபெற்ற ஆசிரியரான என் அப்பாவின் கணக்கிலிருந்து ரூ.48,000 எடுத்துவிட்டார்கள். வீட்டில் எல்லோரும் அவரைத் திட்டுகிறார்கள். (வாசகி, தஞ்சாவூர்)

ப: முதலில் திட்டுவதை நிறுத்துங்கள். இதையே தொழிலாக வைத்திருப்பவர்களிடம் மாட்டியிருக்கிறார், பாவம். உடனே சைபர் மோசடிப் புகாருக்கான 1930 என்ற உதவி எண்ணுக்குப் போன் செய்யுங்கள். பணம் இன்னும் கைமாறாமல் இருந்தால் முடக்கிவைக்க வாய்ப்பு உண்டு. வங்கிக்கும் இப்போதே எழுத்தில் சொல்லுங்கள், புகார் எண்ணை வாங்கிக்கொள்ளுங்கள். கணினியை நெட்டிலிருந்து துண்டித்துவிட்டு அந்த ஆப்பை நீக்குங்கள். கேட்காமலே மறுபடி நுழைய அதில் தனி பாஸ்வேர்டு வைத்திருக்கக்கூடும். வங்கி, மெயில் பாஸ்வேர்டுகளை வேறு கருவியிலிருந்து மாற்றுங்கள். 1930இல் அப்பாவையே பேச விடுங்கள். எந்த நேரத்தில் என்ன நடந்தது என்று அவருக்குத்தான் தெரியும்.