645 பொருள் கொண்ட ஒரு சொல்

கேள்வி: ‘ரன்’ என்ற ஒரே ஆங்கிலச் சொல்லுக்கு 645 பொருள் இருப்பதாகப் படித்தேன். ஒரு சொல்லையே இத்தனை வேலைக்கு அலைக்கழிக்கும் மொழியை வளமான மொழி என்று எப்படிச் சொல்கிறார்கள்? இத்தனையையும் மனப்பாடம் செய்ய ஓர் ஆயுள் போதுமா?

பதில்: அந்த எண்ணைப் பார்த்து மிரண்டிருக்கிறீர்கள். அது யார் போட்ட கணக்கு என்று முதலில் பாருங்கள். ஆங்கிலம் பேசுகிறவர் எவரும் ‘ரன்’னுக்கு எத்தனை பொருள் என்று எண்ணிக்கொண்டு பேசுவதில்லை. ஆக்ஸ்போர்டு ஆங்கில அகராதியின் பதிப்பாசிரியர் பீட்டர் கில்லிவர் சுமார் ஒன்பது மாதம் உட்கார்ந்து பிரித்த கணக்கு அது. அதுவும் வினைச்சொல்லுக்கு மட்டும். 1989-இல் வந்த இரண்டாம் பதிப்பில் ‘செட்’தான் முதலிடம்: 430-க்கு மேல் பொருள், ஏறக்குறைய 60,000 சொற்களில் விளக்கம். பிறகு ‘மேக்’ முந்தியது, அடுத்து ‘புட்’, 2011-இல் ‘ரன்’. காரணம் வேடிக்கையானது. அகராதியைத் திருத்தி எழுதும் வேலையை ‘எம்’ எழுத்தில் தொடங்கினார்கள். முறை வரவர ஒவ்வொரு சொல்லும் பெருத்தது. ‘ரன்’ பட்டம் வாங்கியபோது ‘செட்’டின் முறையே வந்திருக்கவில்லை!

எவ்வளவு பொடிசாக நறுக்குகிறார்கள் என்பதையும் கவனியுங்கள். ஒருவர் கம்பெனியை ‘ரன்’ செய்கிறார். கம்பெனி நன்றாக ‘ரன்’ ஆகிறது. நமக்கு இது ஒரே சங்கதி. செய்கிறவரும் செய்யப்படுவதும் மாறியதால் அகராதிக்கு இரண்டு. கத்தி கூராக இருந்தால் துண்டு கூடத்தான் செய்யும்.

துண்டுகளை ஒட்டவைத்துப் பார்த்தால் ‘ரன்’ அப்படியொன்றும் தறிகெட்டுத் திரியவில்லை. பழைய ஆங்கிலத்திலேயே அதற்குக் கால்களால் ஓடுவது, நீர் வழிந்தோடுவது இரண்டும் பொருள். ஜெர்மனில் அதன் உடன்பிறப்புகள் இன்றும் வேலையைப் பங்குபோட்டுக்கொண்டிருக்கின்றன: ‘ரென்னன்’ என்றால் ஓடுவது, ‘ரின்னன்’ என்றால் வழிவது. ஆகவே சளி பிடித்த மூக்கும், துவைத்தால் கரைந்து பரவும் துணிச்சாயமும் ‘ரன்’ ஆவது யாரோ கவிஞர் போட்ட உவமை இல்லை, பரம்பரைச் சொத்து. நிற்காமல் தொடர்வது என்ற கருத்து அதிலேயே இருக்கிறது. சாலை ஆற்றோரமாக ‘ரன்’ ஆகிறது, ஒப்பந்தம் மூன்று வருஷம் ‘ரன்’ ஆகிறது, வழுக்கை சில குடும்பங்களில் தலைமுறையாக ‘ரன்’ ஆகிறது. அப்புறம் எந்திரங்கள் வந்தன. ரயில், அச்சுப்பொறி, கடைசியில் கணினி நிரல் என்று எது விடாமல் இயங்கினாலும் புதுச்சொல் தேடாமல் கையில் இருந்ததையே கொடுத்தார்கள்.

‘செட்’ கதை வேறு. வைப்பது என்ற வினை ஜெர்மானியக் குடும்பத்தது. தொகுதி என்று பொருள்படும் ‘செட்’ லத்தீனிலிருந்து பிரெஞ்சு வழியாக வந்தது. ஒலி ஒன்றாகிவிட்டதால் இரண்டையும் ஒரே சொல்லாக எண்ணிக் கூட்டி, ‘எத்தனை அர்த்தம் பார்’ என்று வியப்பவர்கள் உண்டு. அந்தக் கூட்டல் செல்லாது.

சரி, இது சொல் வறுமையா? அடிக்கடி புழங்கும் சொல்லுக்குத்தான் பொருளும் அதிகம் என்று ஜார்ஜ் ஸிஃப் என்ற அமெரிக்க அறிஞர் 1945-லேயே எழுதிவிட்டார். ‘ஆக்சிஜன்’ என்பதற்கு ஒரே பொருள்தான். அதை வைத்துக்கொண்டு யார் நாள் முழுக்கப் பேச முடியும்? நீங்கள் மட்டும் என்ன செய்கிறீர்கள்? மீன் பிடிக்கிறீர்கள், பஸ் பிடிக்கிறீர்கள், படம் பிடிக்கிறீர்கள், அடம் பிடிக்கிறீர்கள், காரியம் ஆக வேண்டுமென்றால் காக்காயும் பிடிக்கிறீர்கள். சளி உங்களைப் பிடிக்கிறது, சம்பளத்தில் பிடிக்கிறார்கள், ஒருவரைப் பிடிக்கிறது, இன்னொருவரைப் பிடிக்கவில்லை. இதில் எதையாவது மனப்பாடம் செய்தீர்களா? ‘பிடி’யின் முன்னால் நிற்கிற சொல்லைக் கேட்டதுமே புரிந்துகொண்டீர்கள்.

ஆங்கிலத்தில் உண்மையான தொல்லை, பின்னால் ஒட்டுகிற வால்கள். ‘ரன் இன்டு’ சுவரோடு என்றால் மோதல், பழைய நண்பரோடு என்றால் எதிர்பாராத சந்திப்பு. ‘ரன் டவுன்’ என்றால் பேட்டரி தீர்ந்தது, உடம்பு தளர்ந்தது, ஒருவரை மட்டம் தட்டியது, எதுவாகவும் இருக்கலாம். பால் ‘ரன் அவுட்’ ஆனால் வாங்கி வரலாம். பேட்ஸ்மேன் ஆனால் பெவிலியன்தான். இவற்றை வாக்கியத்தோடு சேர்த்துப் படியுங்கள். 645-ஐயும் வரிசையாக உருப்போடச் சொல்லும் வழிகாட்டி ஏதாவது கண்ணில் பட்டால் காசைக் கொடுத்துவிடாதீர்கள்.

‘ரன் ஓவர்’ என்பதற்கு வண்டி ஏற்றுவது, குறிப்புகளை ஒருமுறை ஓட்டிப் பார்ப்பது, ஒதுக்கிய அளவைத் தாண்டுவது என மூன்று பொருளாவது உண்டு. இந்தப் பதில் மூன்றாவதைச் செய்துவிட்டது. அடுத்த கேள்விக்குப் போகிறேன்.