டி.எச். ரோடு லாட்ஜுக்கு வெளிநாட்டு ஹோட்டல் போர்டு மாட்டலாமா?

கேள்வி: வடசென்னை தண்டையார்பேட்டையில் டி.எச். ரோட்டை (திருவொற்றியூர் நெடுஞ்சாலை) ஒட்டி அப்பா கட்டிய லாட்ஜை இப்போது நான் நடத்துகிறேன். 30 அறை. மெட்ரோ வந்தபிறகு வியாபாரம் கொஞ்சம் கூடியிருக்கிறது. போன மாதம் ஒருவர் வந்து, அமெரிக்க ஹோட்டல் நிறுவனம் ஒன்றின் பெயரைச் சொல்லி, "எங்கள் போர்டை மாட்டுங்கள், 15 வருட ஒப்பந்தம், வருமானம் இரண்டு மடங்காகும்" என்கிறார். செலவெல்லாம் எங்களுடையதாம். உலகம் முழுக்க ஆயிரக்கணக்கில் ஹோட்டல் வைத்திருக்கிற கம்பெனி நம் கட்டடத்தில் கொஞ்சம்கூடப் பணம் போடாதா? அப்பாவுக்கு இதில் விருப்பமில்லை. கையெழுத்துப் போடலாமா?

பதில்: கம்பெனி பணம் போடாது. அவர்களுடைய போர்டு தொங்கும் அந்த ஆயிரக்கணக்கான ஹோட்டல்களில் மிகப் பெரும்பாலானவை அவர்களுடைய சொத்தே கிடையாது. நிலமும் கட்டடமும் வேறொருவருடையவை, வங்கிக் கடனும் அவர் பெயரில்தான் இருக்கும். பெயரும் முன்பதிவு வசதியும் விதிமுறைகளும் மட்டும் கம்பெனியுடையவை. நான் இதைக் குறையாகச் சொல்லவில்லை. அவர்கள் வளர்ந்ததே இப்படித்தான். அந்தக் கதை தெரிந்தால், உங்கள் முன் நீட்டியிருக்கும் காகிதத்தில் எந்த இடத்தில் கண் வைக்கவேண்டும் என்பதும் தெரிந்துவிடும்.

1919-இல், பிற்பாடு ஹில்டன் ஹோட்டல்களை உருவாக்கிய கான்ராட் ஹில்டன் ஒரு வங்கியை வாங்கலாம் என்று டெக்சாஸில் சிஸ்கோ என்ற ஊருக்குப் போனார். பேரம் முறிந்தது. ராத்திரி படுக்க மோப்லி என்ற ஹோட்டலுக்குப் போனால் அங்கே இடமில்லை. எண்ணெய்க் கிணற்று வேலைக்கு வந்த கூட்டத்துக்கு, இருந்த 40 அறைகளையும் எட்டு மணி நேர ஷிஃப்ட் கணக்கில் மாற்றி மாற்றி விட்டுக்கொண்டிருந்தார்கள். ஹில்டன் வங்கியை மறந்துவிட்டு அந்த ஹோட்டலையே வாங்கினார். மணலி சுத்திகரிப்பு ஆலையில் ஷட்டவுன் வேலை (ஆலையை நிறுத்திச் செய்யும் பராமரிப்பு) நடக்கும் வாரங்களில் நம் பக்கத்து லாட்ஜுகளைப் பார்த்தவர்களுக்கு அவர் கண்டது என்னவென்று புரியும்.

அதற்கப்புறம் அவர் செய்ததுதான் உங்களுக்கு முக்கியம். 1925-இல் திறந்த டல்லாஸ் ஹோட்டலைத் தன் பெயரில் கட்டியபோது நிலத்தை விலைக்கு வாங்காமல் 99 வருடக் குத்தகைக்கு எடுத்தார். கட்டும்போதே பணம் தீர்ந்துபோனது. நிலச் சொந்தக்காரரிடமே பேசி, அவரையே கட்டடத்தை முடிக்கவைத்து, அதையும் குத்தகைக்கு வாங்கிக்கொண்டார். 1949-இல் ப்யூர்ட்டோ ரிக்கோவின் சான் ஹுவானில் திறந்த கரீப் ஹில்டனைக் கட்டியது அங்குள்ள அரசு நிறுவனம். நடத்திக்கொடுத்து லாபத்தைப் பங்கிட்டுக்கொண்டது ஹில்டன். ஹில்டன் அமெரிக்காவுக்கு வெளியே பரவியது இந்த வழியில்தான்.

ஆனால் உங்களிடம் வந்தவர் பேசுகிற பிரான்சைஸ் முறையை, அதாவது பெயரைப் பயன்படுத்த உரிமம் கொடுத்துக் கட்டணம் வாங்கும் முறையை, ஊரெல்லாம் பரப்பியவர் கெம்மன்ஸ் வில்சன். மெம்ஃபிஸ் நகரத்தில் வீடு கட்டி விற்றவர். 1951-இல் மனைவியையும் ஐந்து குழந்தைகளையும் ஏற்றிக்கொண்டு காரில் வாஷிங்டன் போனார். வழியில் தங்கிய இடங்களில் ஒரே அறையில் படுக்கும் குழந்தைகளுக்குத் தலைக்கு 2 டாலர் கூடக் கேட்டார்கள். ஓரிடம் சுத்தமாக இருந்தால் அடுத்த இடம் அழுக்காக இருந்தது. எரிச்சலோடு திரும்பியவர் அடுத்த ஆண்டே, 1952 ஆகஸ்டில், மெம்ஃபிஸின் சம்மர் அவென்யூவில் 120 அறைகளோடு முதல் ஹாலிடே இன்னைத் திறந்தார். பெற்றோரோடு தங்கும் குழந்தைக்குக் காசில்லை. அறைக்கு அறை ஏ.சி., டெலிபோன், டி.வி., வெளியே நீச்சல் குளம். தூரத்திலேயே கண்ணில் படுகிற பிரம்மாண்டமான போர்டு. அப்புறம் மெம்ஃபிஸுக்குள் வரும் மற்ற பெரிய சாலைகளிலும் ஒவ்வொன்றாகக் கட்டினார். எந்தப் பக்கத்திலிருந்து ஊருக்குள் வந்தாலும் ஒரு ஹாலிடே இன்னைத் தாண்டித்தான் வரவேண்டும். ஆந்திர பஸ்கள் இறங்கும் மாதவரத்தையும் ஜி.என்.டி. ரோட்டையும் மனதில் வைத்துப் பாருங்கள், அந்த யோசனையின் கூர்மை தெரியும்.

நாடு முழுக்க இப்படிக் கட்ட அவரிடம் பணம் கிடையாது. வாலஸ் ஜான்சன் என்ற கட்டுமானத் தொழிலதிபரைக் கூட்டாளியாகச் சேர்த்துக்கொண்டு, உரிமத்தை விற்க ஆரம்பித்தார். சின்னதாக ஒரு நுழைவுக் கட்டணம், அப்புறம் ஓர் அறைக்கு ஓர் இரவுக்கு இத்தனை சென்ட் என்று ராயல்டி. முதலில் வீடு கட்டுபவர்களைக் கேட்டார், அதிகம் பேர் வரவில்லை. கையில் சேமிப்பு வைத்திருந்த உள்ளூர் டாக்டர்களும் வக்கீல்களும் வியாபாரிகளும் வந்தார்கள். அவர்கள் பணத்தில், அவர்கள் வாங்கிய கடனில் ஹாலிடே இன் வளர்ந்தது. 1957-இல் பங்குச் சந்தைக்குப் போனது, 1968-இல் ஆயிரமாவது ஹோட்டலைத் திறந்தது.

அந்த டாக்டரும் வக்கீலும் ஏமாந்தார்களா? இல்லை. அன்றைக்கு அவர்களுக்குக் கிடைத்த சரக்கு அசலானது. 1965-இல் ஐ.பி.எம். உதவியோடு ஹாலிடெக்ஸ் என்ற கம்ப்யூட்டர் முன்பதிவு முறை வந்தது. ஒரு ஹாலிடே இன்னின் ரிசப்ஷனில் நின்றபடி, அடுத்த ஊரிலிருக்கும் ஹாலிடே இன்னில் அறை பதிவு செய்யலாம். தனியாக லாட்ஜ் வைத்திருப்பவர் எவ்வளவு பணம் கொட்டினாலும் அந்தக் காலத்தில் அதை வாங்க முடியாது. தானாக வந்து சேராத ஆளைக் கொண்டுவந்து சேர்த்தது அந்த வலைப்பின்னல். ராயல்டி கொடுத்தது அதற்காகத்தான், அதில் நியாயமும் இருந்தது. இன்றைக்கு உங்கள் லாட்ஜுக்கு அப்படி ஆள் கொண்டுவர முடியுமா என்பதுதான் கேள்வி. அதற்குப் பிறகு வருகிறேன்.

மாரியட் என்ற இன்னொரு அமெரிக்க ஹோட்டல் நிறுவனம் 1993-இல் இந்த முறையை அதன் எல்லைக்கே கொண்டுபோனது. கம்பெனியையே இரண்டாகப் பிளந்து, கட்டடங்களையும் பெரும்பகுதிக் கடனையும் ஹோஸ்ட் மாரியட் என்ற நிறுவனத்தில் வைத்தது. நடத்திக்கொடுத்துக் கட்டணம் வாங்கும் தொழில் மாரியட் இன்டர்நேஷனல் என்று தனியாகப் போனது. கடன் பத்திரம் வைத்திருந்தவர்கள் கொதித்துப்போனார்கள். வேகமாக வளர்ந்தது கட்டணம் வாங்கும் பக்கம்தான்.

இன்னொன்று, போர்டுக்குச் சொந்தக்காரர் மாறிக்கொண்டே இருப்பார். ஷெரட்டன் பெயரே ஒரு போர்டிலிருந்து வந்ததுதான். அந்தக் கம்பெனியின் நிறுவனர்கள் பாஸ்டனில் வாங்கிய ஹோட்டலின் கூரையில் அந்தப் பெயரில் பெரிய விளக்குப் பலகை இருந்தது. மாற்றச் செலவாகும் என்று அதையே எல்லா ஹோட்டலுக்கும் வைத்துவிட்டார்கள். 1975-இல் ஐ.டி.சி. தன் முதல் ஹோட்டலை நம் சென்னையில்தான் தொடங்கியது, கதீட்ரல் ரோட்டில். பிற்பாடு அதற்குச் சோழா ஷெரட்டன் என்று பெயர் வந்தது. கட்டடம் ஐ.டி.சி.யுடையது, பெயரின் பின்பாதி அமெரிக்காவுடையது. அந்த அமெரிக்கப் பாதி அப்போது ஐ.டி.டி. என்ற நிறுவனத்தின் கையில் இருந்தது. 1998-இல் ஸ்டார்வுட் வாங்கியது, 2016-இல் ஸ்டார்வுட்டையே மாரியட் விழுங்கியது. ஹாலிடே இன்னும் பிரிட்டனின் பாஸ் கம்பெனிக்குப் போய், 2003-இல் இன்டர்கான்டினென்டல் ஹோட்டல்ஸ் குழுமத்தில் வந்து நின்றது. 2007-இல் அந்தக் குழுமம் ஹாலிடே இன் முழுவதற்கும் புது போர்டு, புதுத் தரம் என்று சுமார் 100 கோடி டாலர் திட்டத்தை அறிவித்தது. அந்தச் செலவில் பெரும்பங்கு ஹோட்டல் உரிமையாளர்கள் தலையில்தான் விழுந்தது. 15 வருட ஒப்பந்தத்தில் இதெல்லாம் உங்களுக்கும் நடக்கலாம்.

சரி, உங்கள் கணக்கைப் போட்டுப் பார்ப்போம். 30 அறை, வாடகை 2,000 ரூபாய், நிரம்புவது 60 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். மாதத்துக்கு 540 அறை-இரவு (ஓர் அறை ஓர் இரவு போனால் ஒன்று), 10,80,000 ரூபாய். ராயல்டி, மார்க்கெட்டிங், முன்பதிவுக் கட்டணம் எல்லாம் சேர்ந்து அறை வருமானத்தில் 10 சதவீதத்தை ஒட்டி வருவது இந்தத் தொழிலில் சாதாரணம். அது 1,08,000. அதன்மேல் 18 சதவீத ஜி.எஸ்.டி. 19,440. ஆக 1,27,440 ரூபாய்.

இந்த ஜி.எஸ்.டி.யைப் பலர் கவனிப்பதில்லை. 2025 செப்டம்பர் 22 முதல் 7,500 ரூபாய் வரையுள்ள அறைகளுக்கு வரி 5 சதவீதம், ஆனால் நீங்கள் செலுத்திய வரியைத் திரும்ப வரவு வைக்க முடியாது. கம்பெனிக்குக் கட்டுகிற 18 சதவீதம் உங்களுக்கு முழுச் செலவு. ஆடிட்டரிடம் இதை மட்டுமாவது கேட்டுவிடுங்கள்.

கூடுதலாக ஓர் அறை போனால் துணி சலவை, கரண்ட், சோப்பு என்று 400 ரூபாய் செலவு, கம்பெனிக்கு வரியோடு 236 ரூபாய். கையில் நிற்பது 1,364. அப்படியானால் 1,27,440 ரூபாயை ஈடுகட்ட மாதம் 94 அறை-இரவு கூடுதலாகப் போகவேண்டும். 60 சதவீதம் 70-ஐத் தாண்டினால்தான் இன்றைக்கு இருக்கும் இடத்துக்கே வருவீர்கள். கட்டடத்தைப் புதுப்பிக்கும் கடன் இதில் சேரவில்லை. ஆன்லைன் தளங்களுக்குக் கொடுக்கும் கமிஷனும் தனி.

இப்போது யார் வந்து தங்குகிறார்கள் என்று உங்கள் ரிஜிஸ்டரைப் புரட்டுங்கள். வண்ணாரப்பேட்டை எம்.சி. ரோட்டில் கல்யாணத் துணி எடுக்க வரும் குடும்பங்கள், ஸ்டான்லி ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கும் நோயாளியின் சொந்தக்காரர்கள், மணலி, எண்ணூர் ஆலைகளுக்கு வரும் கான்ட்ராக்ட் ஆட்கள், ஹார்பர் வேலையாக வரும் கப்பல் ஏஜென்சிக்காரர்கள் என்றுதான் பெரும்பாலும் இருக்கும். முதல் இரண்டு வகையினர் அமெரிக்க போர்டைப் பார்த்து வருகிறவர்கள் இல்லை. வாடகை ஏறினால் அடுத்த தெருவுக்குப் போய்விடுவார்கள். ஸ்டான்லிக்கு வருகிற குடும்பத்துக்கு நள்ளிரவில் கதவு திறந்தால் போதும், வெந்நீர் கிடைத்தால் போதும். அவர்களை விரட்டிவிட்டு வரும் புது வாடிக்கை எதுவாக இருந்தாலும் எனக்கு மனம் ஒப்பாது.

கடைசி இரண்டு வகை வேறு. பெரிய கம்பெனிகளும் கப்பல் ஏஜென்சிகளும் தங்கள் ஆட்களைத் தங்கவைக்க அங்கீகரிக்கப்பட்ட பட்டியல் வைத்திருப்பார்கள். அதில் இடம்பிடிக்க ஒரு பெயர் உதவும்தான். ஆனால் உங்களைப் போன்ற இடத்துக்கு, ஒழுங்கான ஜி.எஸ்.டி. பில், தீயணைப்புத் துறைச் சான்று, நேரத்துக்குச் சாப்பாடு, அதிகாலையில் வண்டி நிறுத்த இடம், இவ்வளவும் இருந்தால் போர்டு இல்லாமலே பேசி முடிக்கலாம். அதற்காக நீங்களே காட்டுப்பள்ளித் துறைமுகத்துக்கும் மணலிக்கும் போய் அவர்கள் அலுவலகத்தில் உட்காரவேண்டும்.

இதையெல்லாம் தாண்டி மேலே பேசுவதாக இருந்தால், ஒப்பந்த நகலை வாங்கி ஒரு வக்கீலிடம் கொடுங்கள். கட்டடத்தை அவர்கள் தரத்துக்குக் கொண்டுவரும் வேலைப் பட்டியல் தனி இணைப்பாக இருக்கும், பெரும்பாலும் அதுதான் ஆளைச் சாய்ப்பது. குளியலறை, மெத்தை, லிஃப்ட், தீ எச்சரிக்கைக் கருவி எல்லாம் அதில் வரும். போர்வெல் தண்ணீர் உப்பாக இருக்கும் நம் பக்கத்தில் புதுக் குழாயும் ஷவரும் எத்தனை வருடம் தாங்கும் என்று நீங்களே அறிவீர்கள். நடுவில் விலகினால் மிச்ச வருடங்களில் சில ஆண்டுக் கட்டணத்தை நஷ்ட ஈடாகக் கேட்கும் விதி இருக்கும். அதே கம்பெனி இன்னொரு பெயரில் ராயபுரத்தில் ஒன்றைத் திறக்காது என்று எங்காவது எழுதியிருக்கிறதா என்று தேடுங்கள். வழக்கு வந்தால் நடுவர் மன்றம் சிங்கப்பூரில் என்று போட்டிருப்பார்கள், அதைச் சென்னை என்று மாற்றச் சொல்லுங்கள். சொத்து அப்பா பெயரில் இருந்தால் அவர் கையெழுத்து இல்லாமல் எதுவும் நகராது. தனிப்பட்ட ஜாமீன் என்று ஒரு பக்கம் இருந்தால் அதில் அவரைக் கையெழுத்துப் போட விடாதீர்கள்.

என் முடிவு இதுதான். இன்றைய கட்டடத்துக்கு 15 வருட ஒப்பந்தம் வேண்டாம், அப்பா சொல்வது சரி. வில்சனிடமிருந்து இலவசமாக எடுத்துக்கொள்ளக்கூடியதை எடுத்துக்கொள்ளுங்கள்: குழந்தைக்குக் கூடுதல் காசு கிடையாது, 30 அறையும் ஒரே மாதிரிச் சுத்தம், டி.எச். ரோட்டிலிருந்தே தெரிகிற போர்டு. நாளைக்குப் பக்கத்து மனையையும் சேர்த்து, இடித்து, 80 அறைக்குப் புதிதாகக் கட்டும் எண்ணம் வந்தால் அப்போது பேச்சு வேறு. வரைபடம் போடும்போதே கம்பெனியைக் கூட்டிவந்தால் இடித்துத் திருத்தும் செலவு மிச்சம், பெரிய பெயர் இருந்தால் வங்கியும் கடன் விண்ணப்பத்தை எளிதாகப் பார்க்கும்.

வந்தவரைப் பற்றியும் ஒரு வார்த்தை. பெரிய சர்வதேச நிறுவனங்கள் இந்தியாவில் 30 அறைக் கட்டடத்தைத் தேடிவருவது அரிது. அந்தக் கம்பெனியின் இணையதளத்தில் உள்ள இந்திய அலுவலக முகவரிக்கு நீங்களே எழுதி, இவர் அவர்கள் ஆள்தானா என்று உறுதி செய்யுங்கள். அதற்கு முன் பதிவுக் கட்டணம், சர்வே கட்டணம் என்று எதற்கும் ஒரு ரூபாய் கொடுக்காதீர்கள். உண்மையான ஆளாகவே இருந்தால், தமிழ்நாட்டில் அவர்கள் போர்டை மாட்டி ஐந்து வருடம் ஆன உரிமையாளர்கள் மூன்று பேரின் நம்பரைக் கேளுங்கள். கூப்பிட்டு ஒரே கேள்வி போதும்: மொத்த வாடிக்கையாளர்களில் கம்பெனியின் முன்பதிவு மூலம் வந்தவர்கள் எத்தனை சதவீதம்? அந்த எண்ணை மேலே போட்ட கணக்கில் வைத்துப் பாருங்கள். நம்பர் தர மறுத்தால் மேற்கொண்டு பேச எதுவும் இல்லை.