‘கரவாஜியோ’ படத்தில் கால்குலேட்டர் எப்படி வந்தது?

டெரெக் ஜார்மன் 1986இல் எடுத்த ‘கரவாஜியோ’, 1610இல் இறந்த இத்தாலிய ஓவியரின் கதை. ஆனால் அதில் ஒருவர் கால்குலேட்டரைத் தட்டுகிறார், ஒரு விமர்சகர் டைப்ரைட்டரில் எழுதுகிறார். இப்படி ஒரு காலத்துக் கதைக்குள் வேறு காலத்துப் பொருள் நுழைவதைக் காலமுரண் என்பார்கள்.

இங்கே அது வேண்டுமென்றே வைத்தது. காரணம் அந்த ஓவியரிடமே இருக்கிறது. ரோமில் சான் லூயிஜி தேவாலயத்தில் உள்ள ‘புனித மத்தேயுவின் அழைப்பு’ ஓவியத்தைப் பாருங்கள். பைபிள் கதைதான். ஆனால் மேசையில் காசு எண்ணுகிறவர்கள் 1600 வாக்கில் ரோம் தெருக்களில் திரிந்தவர்களின் உடையில், இறகு செருகிய தொப்பியோடு இருக்கிறார்கள். இயேசுவும் பேதுருவும் மட்டும் பழைய அங்கியில். பக்கத்துத் தெருவில் நடப்பதுபோலவே இருக்கும்! ஜார்மன் அதே வழியில் போனார். இந்தப் படத்தில் எனக்கு மிகவும் பிடித்தது இதுதான்.

குழந்தைக்குக் கதை சொல்லும்போது ராஜாவை பஸ்ஸில் ஏற்றிவிடுவோமே, அதுபோல. கதை சட்டென்று குழந்தைக்கு நெருக்கமாகிவிடும்.

அப்புறம், ரானுச்சியோ என்பவரைக் கரவாஜியோ கொன்றதற்கு, படம் அவர்களுக்குள் காட்டும் காதல்தான் காரணம் என்று பலர் நம்பிவிடுகிறார்கள். 1606இல் கரவாஜியோ அவரைக் கொன்றது உண்மை, அந்தக் காதல் கதை ஜார்மனின் கற்பனை.