1932-க்குப் பிறகு தலை எண்ணாத நாடு

கேள்வி: லெபனானில் ஜனாதிபதி கிறிஸ்தவராகத்தான் இருக்க வேண்டுமாமே, அப்படி ஒரு சட்டமா?
(திண்டுக்கல் வாசகி)

பதில்: சட்டத்தைப் புரட்டினால் அந்த வரி கிடைக்காது. 1943-இல் மாரோனைட் தலைவர் பிஷாரா அல்கூரியும் சுன்னித் தலைவர் ரியாத் அஸ்ஸுல்ஹும் வாய்வார்த்தையாகச் செய்துகொண்ட ஏற்பாடு அது. ஜனாதிபதி மாரோனைட் கிறிஸ்தவர், பிரதமர் சுன்னி. சபாநாயகர் ஷியா என்பதும் வழக்கமாயிற்று. நாடாளுமன்றத்தில் ஆறு கிறிஸ்தவருக்கு ஐந்து முஸ்லிம். அதனால் உறுப்பினர் எண்ணிக்கையே 55, 77, 99 என்று பதினொன்றாம் வாய்ப்பாடு ஒப்பித்தது!

அந்தக் கணக்குக்கு அடிப்படை, பிரெஞ்சு ஆட்சியில் 1932-இல் எடுத்த கணக்கெடுப்பு. கிறிஸ்தவர்கள் சற்றே அதிகம் என்றது அது. அதன்பின் இன்றுவரை அதிகாரபூர்வமாக யாரும் எண்ணவில்லை. எண்ணினால் பங்கு கேட்பார்களே! ஓட்டுப் போடவும், பெய்ரூட்டிலேயே பிறந்து வளர்ந்தவர்கூடக் குடும்பப் பெயர் பதிவாகியிருக்கும் பூர்விக ஊருக்குத்தான் போகவேண்டும்.

மதப்பிரிவுகளைப் பிரெஞ்சுக்காரர் உண்டாக்கவில்லை. துருக்கியர் காலத்திலேயே லெபனான் மலையில் பிரிவுவாரிக் குழு இருந்தது. பிரெஞ்சுக்காரர் 1920-இல் திரிப்போலி, சைதா, பெக்கா பள்ளத்தாக்கு எல்லாவற்றையும் மலையோடு ஒட்டினார்கள். பிறகு ஆளுக்கொரு பிரிவை எழுதிப் பேரேட்டில் பூட்டினார்கள். என் புகார் அந்தப் பேரேட்டின் மேல்தான்.

எண்பதுகளில் துபாயில் கணக்கெழுதிக்கொண்டிருந்தேன். அறைத்தோழர் பெய்ரூட்காரர். அவருடைய அடையாள அட்டையில் மதப்பிரிவு இருக்கும். உள்நாட்டுப் போரில் சாலைத் தடுப்புகளில் அந்த ஒரு சொல்லைப் பார்த்தே ஆட்களை இறக்கிச் சுட்டார்கள். துபாயில் யார் எதற்காக அட்டை கேட்டாலும், எடுத்து நீட்டும்போது அவர் கட்டைவிரல் தானாகப் போய் அந்த வரியின் மேல் உட்கார்ந்துகொள்ளும்.

அந்தப் போரை முடிக்க வந்த 1989 தாயிஃப் உடன்பாடு ஆறு-ஐந்தைச் சரிபாதியாக்கியது. பங்கீடு போகவில்லை.

கேள்வி: அங்கே மதம் மாறாமல் கலப்புத் திருமணம் செய்ய முடியுமா?
(அதே வாசகி)

பதில்: விடமாட்டீர்கள் போலிருக்கிறது! குடிமைத் திருமணச் சட்டமே, அதாவது நம்மூர்ப் பதிவுத் திருமணம் போல மதம் தொடாத சட்டமே, அங்கே இல்லை. வெளிநாட்டில் செய்துகொண்டு வந்தால் ஏற்பார்கள். 2013-இல் ஒரு ஜோடி, பதிவேட்டில் தங்கள் பிரிவை நீக்கச் செய்துவிட்டு, 1936-இல் பிரெஞ்சு ஆணையர் போட்ட 60-ஆம் ஆணையையே எடுத்துக் காட்டியது. எந்தப் பிரிவையும் சேராதவருக்குக் குடிமைச் சட்டம் என்று அதில் ஒரு சந்து இருந்தது. உள்துறை அமைச்சகம் கடைசியில் பதிவுசெய்தது. மற்ற ஜோடிகள் இன்றும் சைப்ரஸுக்கு டிக்கெட் எடுக்கிறார்கள்.