மகள் ஆர்க்கிடெக்ட் ஆகட்டும், யாரிடம் தொழில் பழகப் போகிறாள் என்று பாருங்கள்

அண்ணாச்சிக்கு வணக்கம்.

போன சனிக்கிழமை நீங்களும் பாப்பாவும் வந்துபோன பிறகு உங்கள் கேள்வி மனதில் ஓடிக்கொண்டே இருந்தது. "மண்ணுல பள்ளிக்கூடம் கட்டினவருக்கு விருது கொடுத்திருக்காங்கன்னு போன்ல காட்டுறா. விருது எல்லாருக்குமா கிடைக்கும்? அஞ்சு வருஷம் படிச்சிட்டு வந்து என்ன சம்பாதிப்பா?" என்று கேட்டீர்கள். திருமங்கலத்தில் இருபது வருடமாகச் சிமென்ட், கம்பி வியாபாரம் செய்கிறவர் இப்படிக் கேட்பதில் நியாயம் இருக்கிறது. அன்று வெளியே ஆட்கள் காத்திருந்ததால் பாதிப் பதில்தான் சொன்னேன். மீதியை எழுதுகிறேன்.

முதலில் பணம். ஆர்க்கிடெக்சர் முடித்தவுடன் கிடைக்கிற சம்பளம், ஐடி கம்பெனியில் சேருகிற பிள்ளையின் சம்பளத்தைவிடப் பெரும்பாலும் குறைவுதான். முதல் சில வருடங்கள் இன்னொருவர் அலுவலகத்தில் வேலை கற்றுக்கொள்கிற காலம். வக்கீல் தொழில் மாதிரி, கை தேறத் தேறத்தான் வருமானம் ஏறும். அதுவரை வீடு தாங்குமா என்று நீங்களும் மதினியும் உட்கார்ந்து ஒரு கணக்குப் போட்டுவிடுங்கள்.

சரி, விருதுக்கு வருவோம். பாப்பா காட்டிய படம், ஆப்பிரிக்காவில் புர்கினா ஃபாசோ நாட்டின் காண்டோ கிராமத்துப் பள்ளி. கட்டியவர் அந்த ஊரிலேயே பிறந்த ஃபிரான்சிஸ் கெரே. பெர்லினில் மாணவராக இருந்தபோதே பணம் திரட்டி 2001-ல் கட்டி முடித்தார். ஊர்க்காரர்களும் சேர்ந்து மண்ணைக் குழைத்துச் செங்கல் செய்தார்கள். தகரக் கூரையை அறையின் மேல் நேராக உட்கார வைக்காமல், செங்கல் மேல்தளத்துக்கு மேலே உயரத் தூக்கி நிறுத்தியிருக்கிறார். உள்ளே சூடாகிற காற்று அந்த இடைவெளி வழியாக வெளியே போய்விடும். அதற்கு 2004-ல், கட்டடக்கலைக்கென்று கொடுக்கப்படுகிற ஆகா கான் விருது கிடைத்தது. இந்தத் தொழிலின் மிக உயர்ந்த விருதாகச் சொல்லப்படும் பிரிட்ஸ்கர் பரிசு அவருக்கு 2022-ல்தான் வந்தது. நம் நாட்டு ஆர்க்கிடெக்ட் பாலகிருஷ்ண தோஷி 2018-ல் பிரிட்ஸ்கர் வாங்கியபோது அவருக்கு வயது 90. கேரளாவில் சிக்கனமாக அத்தனை வீடுகள் கட்டிக் கொடுத்த ஆர்க்கிடெக்ட் லாரி பேக்கருக்கு 1990-ல் பத்மஸ்ரீ வந்தபோது வயது எழுபதைத் தாண்டிவிட்டது. விருதை நம்பி இவர்களில் யாரும் பிழைப்பு நடத்தவில்லை. அந்த விஷயத்தில் நீங்கள் சொன்னது சரி.

ஆனால் ஒன்று. ஆகா கான் விருதுக்கு வருகிற கட்டடத்தைப் படத்தில் மட்டும் பார்த்து முடிவு செய்வதில்லை. அது குறைந்தது ஒரு வருடமாவது புழக்கத்தில் இருந்திருக்க வேண்டும். இறுதிப் பட்டியலில் உள்ள கட்டடங்களுக்கு ஆள் அனுப்பி நேரில் ஆராய்கிறார்கள். மொத்தப் பரிசு பத்து லட்சம் டாலர். அது ஆர்க்கிடெக்டுக்கு மட்டும் போவதில்லை. கட்டச் சொன்னவர், இன்ஜினியர், கொத்தனார் என்று அந்த வேலையில் முக்கியப் பங்கு எடுத்தவர்களுக்கும் பிரித்துக் கொடுக்கப்படுகிறது. இதைப் படித்த அன்று எனக்கு ரொம்ப நேரம் வேறு வேலை ஓடவில்லை. கொத்தனாரையும் கணக்கில் சேர்க்கிற விருது!

பாப்பாவுக்கு நல்ல குரு யார் என்று அடையாளம் காண இதே அளவுகோல் போதும். அதை வைத்துப் பார்க்க உங்களைவிடத் தோதான ஆள் இல்லை. காலை ஏழு மணிக்கு உங்கள் கடை வாசலில் டீ குடிக்கிற மேஸ்திரிகளிடம் கேளுங்கள்: எந்த ஆர்க்கிடெக்ட் சைட்டுக்கு வந்து உங்களோடு நின்று பேசுகிறார்? உள்ளூர்ச் செங்கல், சுண்ணாம்பு, பழைய ஓடு, பழைய தேக்கு நிலை இவற்றையெல்லாம் எடுத்துப் பயன்படுத்தச் சொல்கிறவர் யார்? அப்புறம், அவர் கட்டிய வீட்டுக்கு ஒரு சித்திரை மதியம் போய், அங்கே குடியிருக்கிறவர்களிடம் ராத்திரி தூக்கம் வருகிறதா என்று கேளுங்கள். மாடித் தளம் பகலெல்லாம் குடித்த வெயிலைப் பதினொரு மணிவரை கக்குவது நம் ஊரில் யாருக்குத்தான் தெரியாது?

'பசுமைக் கட்டடம்' என்று வாசலில் பலகை வைத்த ஓர் இடத்துக்கு ஒரு மாணவனின் பயிற்சி விஷயமாகப் போயிருந்தேன். முகப்பு முழுக்கக் கண்ணாடி. நட்டநடு மதியம் திரைச்சீலையை இழுத்து மூடி, உள்ளே விளக்கும் ஏசியும் ஓடிக்கொண்டிருந்தன. பலகையைப் பார்த்து ஏமாறாமலிருக்கப் பாப்பாவுக்கு இப்போதே பழக்க வேண்டும்.

இதற்கு மாறாக, மேலூர்ப் பக்கம் ஒரு வேலை நடந்தபோது பார்த்தேன். பேக்கர் பரப்பிய 'எலிப்பொறிக் கட்டு'ச் சுவர். செங்கலைப் படுக்க வைக்காமல் பக்கவாட்டில் நிறுத்தி, இரண்டு வரிசைக்கும் நடுவே மூன்று அங்குலம் வெற்றிடம் விட்டுக் கட்டுவது. சுவர் என்னவோ அதே ஒன்பது அங்குலம்தான், செங்கல் கால்வாசி மிச்சம். நடுவில் நிற்கிற காற்று வெயிலின் சூட்டை எளிதில் உள்ளே விடாது. கொத்தனார் கலவையை விளிம்பில் மட்டும் தடவி, நடுவில் விழுந்ததை விரலால் வழித்து எடுத்தார். "இதுல சாந்து விழுந்துட்டா பிரயோசனம் இல்ல சார், ஆர்க்கிடெக்ட் அம்மா மூணு நாள் கூடவே நின்னு காட்டினாங்க" என்றார். பாப்பா அந்த அம்மா மாதிரி ஒருவரிடம் போய்ச் சேர வேண்டும்.

உங்கள் வியாபாரத்துக்கு இது விரோதம் என்று நினைக்க வேண்டாம். ஆரோவில்லில் மண்ணை அழுத்திச் செய்கிற கற்களிலேயே ஏறத்தாழ ஐந்து சதவீதம் சிமென்ட் உண்டு. எங்கே சிமென்ட் வேண்டும், எங்கே வேண்டாம் என்று தெரிந்து செலவழிப்பதுதான் விஷயம்.

படிப்பு விவரம் சுருக்கமாக: ஆர்க்கிடெக்சர் பட்டப்படிப்பான பி.ஆர்க் ஐந்து வருடம். பிளஸ் டூவில் கணிதமும் இயற்பியலும் கட்டாயம். ஆர்க்கிடெக்சரில் சேருவதற்கான 'நாட்டா' நுழைவுத் தேர்வு எழுத வேண்டும். திருச்சி என்.ஐ.டி.யில் சேர, ஜே.இ.இ. மெயின் நுழைவுத் தேர்வில் ஆர்க்கிடெக்சருக்கென்று உள்ள தனித் தாளை எழுத வேண்டும். வீட்டிலிருந்தே போய்வர மதுரை தியாகராசர் பொறியியல் கல்லூரியில் பி.ஆர்க் இருக்கிறது. சென்னையில் அண்ணா பல்கலைக்கழகம். எந்தக் கல்லூரியானாலும் கட்டடக்கலை கவுன்சிலின் அங்கீகாரம் இருக்கிறதா என்று பார்க்காமல் முன்பணம் கட்டாதீர்கள். 1972-ஆம் வருடச் சட்டப்படி அந்தக் கவுன்சிலில் பதிவு செய்தவர்தான் ஆர்க்கிடெக்ட் என்று போட்டுக்கொள்ள முடியும். படிப்புக்குள்ளேயே செய்முறைப் பயிற்சிக் காலம் ஒன்று வரும். அதை ஏதோ ஓர் அலுவலகத்தில் கம்ப்யூட்டர் முன்னால் கழிக்க விடாதீர்கள். ஆரோவில் மண் கட்டடக் கழகம், பேக்கர் வழியில் கேரளாவில் இயங்கும் காஸ்ட்ஃபோர்ட் அமைப்பு, குஜராத் பூஜ் நகரில் ஹுன்னர்ஷாலா அமைப்பு என்று நல்ல இடங்கள் இருக்கின்றன. பெண் பிள்ளை, தூரம் என்று தயங்குவீர்கள், புரிகிறது. அதைப் பற்றி அந்த நேரத்தில் பேசலாம், இப்போதே கதவை அடைத்துவிட வேண்டாம்.

வருகிற ஞாயிறு அவளைக் கீழடி அருங்காட்சியகத்துக்குக் கூட்டிப்போங்கள். செட்டிநாட்டு வீட்டுப் பாணியில் கட்டி 2023-ல் திறந்தது. மதியம் போங்கள், வெயிலில் நின்றுவிட்டு உள்ளே நுழைந்து பாருங்கள். எங்கே குளிர்கிறது, ஏன் குளிர்கிறது என்று அவளையே சொல்லச் சொல்லுங்கள்.

அன்று நீங்கள் போனில் பேச வெளியே போனபோது, கணக்கு நோட்டின் கடைசிப் பக்கத்தை எனக்குக் காட்டினாள். பேரையூரில் அப்பத்தா வீடு. திண்ணை, முற்றம், மாட்டுக் கொட்டகை, காற்று எந்தப் பக்கம் வருகிறது என்று பென்சிலில் அம்புக்குறி. அப்பத்தா மதியம் பாய் விரிக்கிற இடத்தில் ஒரு பெருக்கல் குறி போட்டிருந்தாள். நீங்கள் இன்னும் பார்க்கவில்லை என்றாள். பார்த்துவிட்டு, அடுத்த முறை வரும்போது அந்த நோட்டையும் எடுத்துவரச் சொல்லுங்கள்.